அறுபத்தோராம் தாள்

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பட்டப்பெயர் ‘யார்சொன்னா டீச்சர்’. ஒன்பதுக்கும் பத்துக்கும் சமூக அறிவியல் எடுப்பவள். வகுப்பில் யார் எழுந்து எதைச் சொன்னாலும், யார் சொன்னா, எப்ப எண்ணினாங்க, எத்தனை பேரைக் கேட்டாங்க என்று மூன்று கேள்வி வந்து விழும். வெளியே மழை வரும்போல இருக்கிறது என்ற ஒரு பெண்ணிடமும் அவள் அப்படிக் கேட்டதாக ஒரு கதை உலவியது. அது பொய். ஆனாலும் அவள் மறுத்ததில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் பாடத்திட்டம் மாறியபோது புதிய புத்தகங்கள் வந்துசேர ஐந்து மாதம் ஆயிற்று. கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல் அவளே பயிற்சித் தாள்கள் எழுத ஆரம்பித்தாள். எழுதுவதற்குச் சரக்கு வேண்டுமே. அதற்காக இணையத்தில் இலவசமாகக் கிடைத்ததையெல்லாம் தேடித் தேடிப் படித்தாள். எங்கோ தூரத்தில் இருக்கும் பல்கலைக்கழகங்களின் விரிவுரைகள், மக்கள்தொகைக் கணக்கு அட்டவணைகள், பழைய வரைபடங்கள், யாரோ முகம் தெரியாத ஆசிரியர்கள் போட்டுவைத்த பாடக் குறிப்புகள். கல்லூரியில் பாதி புரிந்தும் புரியாமலும் கடந்து வந்த புள்ளியியலை இரண்டு கோடை விடுமுறைகளில் அப்படித்தான் ஒழுங்காகக் கற்றாள். ஒரு இடத்திலும் அவளிடம் யாரும் காசு கேட்கவில்லை, நீ யார் என்றும் கேட்கவில்லை. இவ்வளவு வாங்கியவள் சும்மா இருக்கக்கூடாது என்று தோன்றி, தன் தாள்களையும் எல்லாருக்கும் பொதுவாகப் போட்டுவிட்டாள். கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அவள் தம்பி அதற்கு ஒரு தளம் அமைத்துக் கொடுத்தான். பெயர் ‘அலமாரி’. பதிவு செய்ய வேண்டாம், விளம்பரம் கிடையாது. திறந்தால் தாள்கள், அவ்வளவுதான். இப்போது அதில் இருநூற்றுப் பதினான்கு தாள்கள் இருந்தன. எங்கெங்கிருந்தோ ஆசிரியர்கள் எடுத்துப் பயன்படுத்தினார்கள். அவ்வப்போது யாராவது இரண்டு வரி எழுதி நன்றி சொல்வார்கள். அதைக் கணவனுக்கு வாசித்துக் காட்டுவாள். மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கும் பட்டறையில் வேலை பார்த்த அவன், வேலை நினைப்பிலேயே அவள் முகத்தைத் தூக்கிப் பார்த்து, “வெளிச்சம் பத்தல, தள்ளி உட்காந்து படி” என்பான்.

வீட்டில் நான்காவது ஆள் இல்லை. மூன்றாவது ஆள் நாத்தனார். கணவனுக்கு ஒன்பது வயது மூத்தவர். கல்யாணம் வேண்டாம் என்று சொன்ன சொல்லில் நின்றவர். ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் விரிப்பு மடிக்கும் வேலை. இருபத்தாறு வருடமாக மடித்து மடித்து, கையில் எது கிடைத்தாலும் நான்காக மடித்துவிடும் பழக்கம் வந்திருந்தது. செய்தித்தாள், துண்டு, மருந்துச் சீட்டு எதுவும் தப்பாது. காலை ஆறுக்கு வேலை தொடங்கும், மதியம் இரண்டுக்கு முடியும். ஆஸ்பத்திரியின் பின்வாசலை ஒட்டி ஒரு பேருந்து நிறுத்தம் உண்டு. போவதும் வருவதும் அதில்தான். வலது முழங்கால் நான்கு வருடமாகத் தகராறு செய்துகொண்டிருந்தது.

ஒரு வியாழக்கிழமை மாலை நாத்தனார் நான்காக மடித்த ஒரு காகிதத்தை டீச்சரிடம் நீட்டினார். பேருந்தில் எல்லாருக்கும் கொடுத்தார்களாம். எழுத்து எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது, என்ன என்று பார் என்றார்.

நகர அலுவலகத்தின் அறிவிப்பு அது. ஆஸ்பத்திரி பின்வாசல் நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள் மிகக் குறைவு என்று ஆய்வில் தெரியவந்திருப்பதால் அந்த நிறுத்தம் எடுக்கப்படும், பேருந்துகள் இனிப் பெரிய சாலை வழியாக நேராகப் போகும், ஆட்சேபணை இருந்தால் பன்னிரண்டு நாளுக்குள் தெரிவிக்கலாம். கீழே ஒரு சின்ன அட்டவணை. காலை ஏழு முதல் எட்டு வரை இருபத்துமூன்று பேர். எட்டு முதல் ஒன்பது வரை முப்பத்தொன்று. அப்புறம் பதினேழு, ஒன்பது, நான்கு.

டீச்சர் மறுபடி படித்தாள். இருபத்துமூன்று, முப்பத்தொன்று, பதினேழு, ஒன்பது, நான்கு.

இருபத்துமூன்று அவள் கணவனின் பிறந்த தேதி. முப்பத்தொன்று அவளுடையது. பதினேழு தம்பி. ஒன்பது, எதிரே முழங்காலைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்த நாத்தனார். நான்கு அவள் அம்மா.

நாத்தனார் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். நிறுத்தத்தை எடுக்கப் போகிறார்களாம் என்று மட்டும் சொன்னாள். நாத்தனார் காகிதத்தை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, தண்ணீர்க் குவளைக்கு அடியில் வைத்தார்.

“காலையில நான் இறங்குறப்பவே பத்துப் பதினஞ்சு பேரு இறங்குவாங்களே. எந்தக் கண்ணாலதான் பாத்தாங்களோ,” என்றார்.

அலமாரியின் அறுபத்தோராம் தாள், ‘ஒரு பேருந்து நிறுத்தத்தைக் கணக்கெடுப்பது எப்படி’. எங்கே நிற்பது, எதை எழுதுவது, யாரை எண்ணுவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் தாள். மாதிரிக்கு ஒரு அட்டவணை வேண்டியிருந்தது. எழுதிய அன்று நாத்தனார் வேலையிலிருந்து வந்து காலை நீட்டியிருந்ததால், ‘ஆஸ்பத்திரி பின்வாசல் நிறுத்தம்’ என்று தலைப்பு வைத்தாள். எண்களுக்கு எங்கே போவது? வீட்டிலுள்ளவர்களின் பிறந்த தேதிகளைப் போட்டு, மீதிக் கட்டங்களில் வாய்க்கு வந்ததை நிரப்பினாள். அடியில், ‘இவை கற்பனை எண்கள்’ என்று எழுதியும் வைத்தாள். எழுதியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

சனிக்கிழமை காலை கணினி முன் உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு அவள் சொல்லித்தருகிறபடியே எண்களின் வால் பிடித்துப் பின்னால் போனாள். நகர அலுவலகத்தின் தளத்திலேயே அந்த ஆய்வறிக்கை பொதுவில் இருந்தது. ஏதோ ஒரு ஆலோசனை நிறுவனம் தயாரித்தது. நாற்பத்தெட்டாம் பக்கத்தில் அதே அட்டவணை, அடியில் ஆதாரமாக ஒரு மேலாண்மைக் கல்லூரி மாணவரின் திட்டக் கட்டுரை. கட்டுரையும் இலவசமாகக் கிடைத்தது. அதன் பத்தொன்பதாம் அடிக்குறிப்பு, ‘இணையத்தில் கிடைத்த கள ஆய்வுத் தரவு’ என்று சொல்லி ஒரு சுட்டி கொடுத்திருந்தது. அழுத்தினாள். அலமாரி திறந்தது.

தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் நோண்டிப் பார்த்துவிட்டு, குரல் இறங்கிப்போய்ச் சொன்னான். இரண்டு வருடத்துக்கு முன்னால் கைபேசிக்கு ஏற்றபடி தளத்தை மாற்றியபோது அட்டவணைகள் எல்லாம் தனித்தனிப் படமாக வரும்படி செய்திருந்தான். கணினியில் பார்த்தால் அடி வரி தெரியும். கைபேசியில் பார்த்தால் அட்டவணை மட்டும்தான். அந்த மாணவர் கைபேசியில் பார்த்திருக்க வேண்டும்.

“நீ சொன்னதாலதான் மாத்தினேன்க்கா. ஒரு தடவை எல்லாத் தாளையும் பாத்துடுன்னு உங்கிட்ட சொன்னேனே.”

சொன்னான். அவளும் நாற்பது தாள் வரை பார்த்தாள். அப்புறம் பரீட்சை விடைத்தாள் திருத்தும் வேலை வந்தது, விட்டுப்போயிற்று. யாரைக் குறை சொல்ல முடியும்? நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் யார் சொன்னா, யார் சொன்னா என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்தவள், கடைசியில் சொன்னது நீதான் என்று ஒரு அடிக்குறிப்பு காட்டியபோது முகத்தில் ஈயாடாமல் உட்கார்ந்திருந்தாள்.

கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நிதானமான ஆள். ஆட்சேபணைக் கடிதம் எழுது, எண்கள் தப்பு என்று சொல், ஆனால் எங்கிருந்து வந்தது என்பதை எதற்கு நீயே வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்டான். அறிக்கை எழுதினவர்கள் படித்தவர்கள்தானே, போய்ப் பார்த்து எண்ணாதது அவர்கள் குற்றம். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அவள் அதையே இரண்டு நாள் மனதில் உருட்டிக்கொண்டிருந்தாள். தப்பு என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எப்படித் தெரியும் என்பதைச் சொல்லாமல் தப்பு என்று மட்டும் சொல்கிற ஒருவரை அவள் வகுப்பில் உட்காரவே விடமாட்டாள்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அலமாரியின் முகப்பில் ஒரு குறிப்புப் போட்டாள். அறுபத்தோராம் தாளில் உள்ள எண்கள் நான் கற்பனை செய்தவை, அவை எந்த நிறுத்தத்தின் உண்மைக் கணக்கும் இல்லை, அந்த வரி கைபேசியில் தெரியாமல் போனது என் கவனக்குறைவு, எடுத்துப் பயன்படுத்தியவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். கீழே தன் பெயரைப் போட்டாள். பிறகு தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, பள்ளியின் பெயர் இதில் வருமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வராது என்றாள். அப்படியானால் மதியத்துக்கு மேல் அனுமதி எடுத்துக்கொண்டு போய்விட்டு வா என்றார்.

நகர அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் போக்குவரத்துப் பிரிவு. அதிகாரி ஐம்பது வயதுக்காரர், மேசைமேல் ஒரு கிண்ணத்தில் ரப்பர் வளையங்களை நிறம்வாரியாகப் பிரித்து வைத்திருந்தார். டீச்சர் அடிக்குறிப்புச் சங்கிலி முழுவதையும் வரிசையாக அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தாள். கடைசித் தாளில் ஐந்து எண்களுக்கும் நேராக வீட்டார் பிறந்த தேதிகள். அவர் அதைப் படித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். சிரிப்பாரோ கோபப்படுவாரோ என்று பார்த்தாள். இரண்டும் இல்லை.

“இது உங்க வீட்டுக்காரரா?” என்று இருபத்துமூன்றின்மேல் விரலை வைத்தார்.

“ஆமா சார்.”

“நான் இந்த நம்பரை வச்சு மூணு கூட்டத்துல பேசியிருக்கேன்மா.” கிண்ணத்திலிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து விரலில் மாட்டினார். “சரி. நீங்க சொல்றபடி இது பொய்னு வச்சுக்கிட்டா, என் கையில நம்பரே இல்ல. இருபதாம் தேதி குழு கூடுது. வெறுங்கையோட போய் நின்னா, இருக்கிற அறிக்கையைத்தான் எடுப்பாங்க.”

ஆள் அனுப்பி எண்ண முடியாதா என்று கேட்டாள். பிரிவில் மொத்தம் நான்கு பேர், இரண்டு பேர் விடுப்பில் இருக்கிறார்கள் என்றார். அப்புறம், எப்படி எண்ணுவது என்பதற்கு உங்களிடமே ஒரு தாள் இருக்கிறதே என்று அவள் கொண்டுவந்த கட்டிலிருந்து அறுபத்தோராம் தாளை எடுத்துக் காட்டினார். அதைக் கேலியாகச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா என்று அவளுக்குப் புரியவில்லை. படியிறங்கும்போது மெய் என்றே எடுத்துக்கொள்வதாக முடிவு செய்தாள்.

ஆறு நாள் எண்ணினார்கள். ஒன்பதாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். வீட்டில் கையெழுத்து வாங்கி வந்தவர்கள் முப்பத்தொரு பேர். இரண்டிரண்டு பேராக ஒரு மணி நேரம், இருவருமே ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் எண்ண வேண்டும், ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக்கூடாது. பெரியவர்கள் யாராவது ஒருவர் கூடவே இருப்பார்கள். விடியற்காலை முறையைப் பிள்ளைகளிடம் கொடுக்க முடியாது. அதை அவளும் விளையாட்டு ஆசிரியையும் எடுத்துக்கொண்டார்கள். விளையாட்டு ஆசிரியைக்கு நிற்பது ஒன்றும் சிரமமில்லை, சும்மா நிற்பதுதான் சிரமம். பேருந்துக்குப் பேருந்து இடையில் அந்த நிறுத்தத்தின் கம்பியைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார்.

முதல் நாள் ஐந்தே முக்காலுக்கு ஒரு பேருந்து வந்து நின்றது. பதினெட்டுப் பேர் இறங்கினார்கள். சலவைக்காரர்கள், சமையலறை ஆட்கள், துப்புரவு செய்கிறவர்கள், இரவு முழுக்க உள்ளே இருந்தவர்களை மாற்றிவிட வந்த உறவுக்காரர்கள். கடைசியாக, கம்பியைப் பிடித்து ஒரு காலை மட்டும் முதலில் ஊன்றி நாத்தனார் இறங்கினார். ஒரே வீட்டிலிருந்து முன்னும் பின்னுமாகக் கிளம்பியவர்கள்தான், ஆனாலும் வழியில் பார்த்த வேற்றாள்போல அவளைப் பார்த்தார்.

“என்னை எழுதிட்டியா?”

“எழுதிட்டேன் அண்ணி.”

“வயசு எழுத வேணாம்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

டீச்சர் தன் தாளைப் பார்த்தாள். அறுபத்தோராம் தாளின் அட்டவணை காலை ஏழு மணிக்குத்தான் தொடங்கும். பள்ளி நேரத்தை நினைத்துக்கொண்டு அப்படிப் போட்டிருந்தாள். ஆறு நாளும் அந்த நிறுத்தத்தில் மிக அதிகமாகக் கூட்டம் இருந்தது ஐந்தரையிலிருந்து ஏழு வரைக்கும்தான். பொய் எண்களிலும் அந்த நேரம் இல்லை, பொய்யை நம்பினவர்களுக்கும் அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. மாலை நான்கிலிருந்து ஆறு வரை பார்வையாளர்கள் கூட்டம். இவை இரண்டையும் பார்த்து அவளுக்கு மனம் லேசாயிற்று.

மதியக் கணக்குதான் நெருடியது. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை, பேருந்துக்கு ஒருவர், சில பேருந்துக்கு அதுவும் இல்லை. இரண்டு மணிக்கு மேல் வரும் பேருந்தில் ஆறு நாளில் ஏறியவர்கள் மொத்தம் எட்டுப் பேர். அதில் ஆறு தடவை ஏறியது நாத்தனார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கூட்டிப் பெருக்கி முடிவுகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது கணவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். மதிய வரிசையை அவனும் பார்த்தான். இது போனால் அக்கா பெரிய சாலை வரைக்கும் நடக்க வேண்டும், வெயிலில் கால் மணி நேரம் ஆகும், அந்தக் காலை வைத்துக்கொண்டு அரை மணியும் ஆகும் என்றான். அவளுக்கும் தெரியும். அவன் திரையை நோக்கிக் குனிந்தான்.

“அந்த எட்டைப் பதினெட்டுன்னு போட்டா என்ன கெட்டுப்போகுது? இத்தனைக்கும் முன்னாடி இருந்ததே முழுப்பொய்.”

அவன் இப்படிக் கேட்பது அதுதான் முதல் தடவை. ஒரு இம்மி தேய்மானம் கூடினாலும் வில்லையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்கிற ஆள். அக்காமேல் உள்ள பாசம் கேட்க வைக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் அவளால் கோபப்பட முடியவில்லை.

“எண்ணினது முப்பத்தொரு பிள்ளைங்க. இது அவங்க தாளு,” என்றாள். அவன் போய் மூன்று பேருக்கும் டீ போட்டான்.

இருபதாம் தேதிக் கூட்டத்தில் அதிகாரி அவளையும் வரச்சொல்லியிருந்தார். பத்து நிமிடம் பேச விட்டார்கள். முதலில் பழைய எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொன்னாள். பிறந்த தேதிகள் என்றதும் மேசையின் ஒரு பக்கத்தில் சிரிப்பு எழுந்தது, இன்னொரு பக்கத்தில் ஒருவர் பேனாவை மூடி வைத்தார். அது தன் கவனக்குறைவு என்றாள். பிறகு பிள்ளைகள் எண்ணியதை வைத்தாள். யார் எண்ணியது, எந்த நாட்கள், எத்தனை பேர் நின்றார்கள், இருவர் எண்ணியதும் எங்கெங்கே ஒத்துப்போகவில்லை என்பதுவரை எல்லாம் இருந்தது.

நிறுத்தம் இருக்கும் என்று முடிவாயிற்று. காலை பத்து வரையிலும் மாலை மூன்றுக்கு மேலும் எல்லாப் பேருந்தும் பின்வாசல் வழியாக வரும். நடுவில் வராது, நேராகப் போய்விடும். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

வெளியே வந்தபோது அதிகாரி அவளோடு படிவரைக்கும் நடந்து வந்து, உங்கள் பிள்ளைகளுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் என்றார். ஜெயித்துவிட்டீர்கள் என்று விளையாட்டு ஆசிரியையிடமிருந்து செய்தி வந்தது. வீட்டுக்குப் போகும் வழி முழுக்க, நாத்தனாரிடம் இதை எந்த வாயால் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு போனாள்.

சுற்றி வளைக்காமல் சொன்னாள். பொய்க் கணக்கு தன்னுடையது என்பதையும் அன்றுதான் அவரிடம் முதல்முதலாகச் சொன்னாள். தன் பிறந்த தேதி அட்டவணையில் ஏறிய கதையை நாத்தனார் கேட்டார், முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மதியப் பேருந்து நிற்காது என்பதையும் கேட்டார். எழுந்து போய்த் துவைத்த துணிகளை எடுத்துவந்து மடிக்கத் தொடங்கினார். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் இரண்டு மணிக்கு வேலை முடிந்து பெரிய சாலைவரை நடந்தார். டீச்சர் பள்ளியிலிருந்து வரும்போது அவர் முழங்காலில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேறு யாராவதாக இருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பார்கள். இவர் பேசவே இல்லை. உப்பை நகர்த்து, கதவைச் சாத்து என்கிற அளவுக்குத்தான் பேச்சு. கணவன் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து வானிலை பற்றிப் பேசிப் பேசி அலுத்துப்போனான்.

ஒன்பதாம் நாள் நாத்தனார் வந்து டீச்சரின் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“உன் பிள்ளைங்க அங்க நின்னு யாரை எண்ணினாங்க?”

“நிறுத்தத்துல ஏறுறவங்கள, இறங்குறவங்கள.”

“அதாவது, நிக்கிறவங்கள.”

“ஆமா.”

“நிக்காதவங்கள யாரு எண்ணினா?”

டீச்சருக்குப் பிடிபடவில்லை. நாத்தனார் பொறுமையாகச் சொன்னார். இந்த ஒன்பது நாளாக இரண்டு மணிக்கு அவர் நடக்கிறபோது அவர் மட்டும் நடக்கவில்லை. முன்னாலும் பின்னாலும் கும்பலாகப் பெண்கள் நடக்கிறார்கள். சலவையில் கூட வேலை செய்கிறவர்கள், சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறவர்கள், மருந்து வாங்க வந்து காத்திருந்து திரும்புகிற நோயாளிகள்கூட உண்டு. இவர்கள் எப்போதிருந்து நடக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். வருடக்கணக்காக என்றார்கள். இத்தனை நாள் தனியாக அந்த நிறுத்தத்தில் நின்றவர், அவர்கள் கடை கண்ணிக்குப் போகிறார்கள் என்றே நினைத்திருந்தார். மதியத்தில் அங்கே நிழல் கிடையாது. ஓட்டுநர்கள் ஆள் இல்லை என்று நினைத்து நிற்காமலே போய்விடுவார்கள். இரண்டு தடவை ஏமாந்தவர்கள் மூன்றாம் தடவை நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

“நான் கம்பிய கெட்டியா புடிச்சுக்கிட்டு நடு ரோடு வரைக்கும் கைய நீட்டுவேன், எனக்கு நிறுத்துவான். எல்லாரும் அப்படி செய்வாங்களா? விட்டுட்டுப் போனவங்க கணக்குல வரமாட்டாங்க. வரலேன்னதும் ஆளே இல்லன்னு எழுதிடுறது.” அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. “உன்னைச் சொல்லல. உனக்குத் தெரியாது. எனக்கே இப்பதான தெரியுது.”

டீச்சர் இரண்டு கோடை விடுமுறை உட்கார்ந்து கேட்ட விரிவுரைகளில் இது இருந்தது. கேட்கப்படாமல் விடுபட்டவர்களைப் பற்றி ஒரு முழுப் பாடமே இருந்தது. அவள் அதற்குக் குறிப்பும் எடுத்தாள், தேர்வும் எழுதினாள். ஆனால் ஆறு நாள் அந்தக் கம்பிக்குப் பக்கத்திலேயே பிள்ளைகளை நிறுத்தியவளுக்கு, இருபதடி தள்ளி வாசலில் திரும்பி நடந்துபோனவர்கள் கண்ணில் படவில்லை.

“எப்படி எண்ணலாம் அண்ணி?” என்று கேட்டாள்.

வாசலில் நின்று எண்ண வேண்டும் என்றார் நாத்தனார். வெளியே வந்து இடப்பக்கம் திரும்புகிறவர்கள் எல்லாரும் பெரிய சாலைக்குத்தான். ஆனால் வெறுமனே எண்ணினால் போதாது, வாயைத் திறந்து கேட்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் கேட்டால் களைத்து வருகிறவர்கள் பதில் சொல்லமாட்டார்கள். தான் கேட்டால் சொல்வார்கள்.

அப்படித்தான் நடந்தது. டீச்சர் மூன்று கேள்விகள் எழுதினாள். நாத்தனார் படித்துப் பார்த்து, ‘நீங்கள் பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தாததற்கான காரணம் யாது’ என்பதை அடித்துவிட்டு, ‘ஏன் நடக்கிறீங்க’ என்று போடச் சொன்னார். சலவைப் பிரிவின் மேற்பார்வையாளரிடம் சொல்லி இரண்டு வாரம் பதினைந்து நிமிடம் முன்னதாக வெளியே வர அனுமதி வாங்கினார். குடையை ஒரு கையிலும் அட்டையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வாசல் தூணில் சாய்ந்து நின்றார். டீச்சர் பள்ளியிலிருந்து வர முடியாது. அதனால் விளையாட்டு ஆசிரியையின் அம்மா கூட நின்று எண்ணினார், அவர் ஓய்வு பெற்ற தபால்காரர். இருவரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்காததற்கு முக்கியக் காரணம், முதல் நாளே குடை யார் பக்கம் சாய வேண்டும் என்பதில் இருவருக்கும் மனஸ்தாபம் வந்ததுதான்.

பன்னிரண்டு நாளில் இரண்டிலிருந்து இரண்டரை மணிக்குள் நடந்துபோனவர்கள், சராசரியாக நாளுக்கு நாற்பத்தேழு பேர். கேட்டதில் முக்கால்வாசிப் பேர் பேருந்து நிச்சயமாக நிற்கும் என்றால் ஏறுவோம் என்றார்கள். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரைக்கும் தபால்காரர் தனியாக எண்ணியதில் அப்படி யாரும் பெரிதாக இல்லை. அதையும் அப்படியே எழுதினார்கள்.

மூன்று மாதம் முடிந்து குழு கூடியபோது, நாத்தனார் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவ்வளவு பேர் முன்னால் தன்னால் பேச முடியாது, நீயே சொல் என்றார். டீச்சர், இதைக் கண்டுபிடித்தது ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் விரிப்பு மடிக்கிறவர் ஒருவர் என்று தொடங்கிப் பேசினாள். இரண்டு பத்துக்கும் இரண்டு நாற்பதுக்கும் வருகிற இரண்டு பேருந்துகள் பின்வாசலில் கட்டாயம் நின்று போக வேண்டும் என்று முடிவாயிற்று. நிழலுக்குக் கூரை வேண்டும் என்பதைக் குறித்துக்கொண்டார்கள். அது இன்னும் குறிப்பாகத்தான் இருக்கிறது.

அறுபத்தோராம் தாளை அவள் முழுவதும் திருத்தி எழுதினாள். கற்பனை அட்டவணையை எடுத்துவிடலாமா என்று தம்பி கேட்டான். வேண்டாம், இருக்கட்டும் என்றாள். இப்போது அது முதல் பக்கத்திலேயே, ‘இது பொய், இது ஊரெல்லாம் போய்த் திரும்பி வந்த கதை’ என்ற தலைப்போடு இருக்கிறது. கைபேசியிலும் தெரியும்படி எழுத்தைப் படத்துக்குள்ளேயே பதித்துவிட்டான். அதற்கடுத்து முப்பத்தொரு பிள்ளைகளின் கணக்கு. அதற்கடுத்து வாசலில் எடுத்த கணக்கும், ‘நிற்காதவர்களை யார் எண்ணுவது’ என்ற கேள்வியும். பழைய அட்டவணையை எடுத்துப் போட்டிருந்த ஏழு தளங்களுக்கும் எழுதினாள். மூன்று பேர் திருத்தினார்கள். ஒருவர், இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய கடிதமா என்று கேட்டார். மற்றவர்கள் பதிலே போடவில்லை. அந்த மேலாண்மைக் கல்லூரி மாணவர், இப்போது எங்கோ வேலையில் இருப்பவர், மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதியிருந்தார். அவள் பதிலுக்கு, நாம் இருவரும் சேர்ந்துதான் செய்தோம் என்று எழுதினாள். மீதி நூற்றுச் சொச்சம் தாள்களையும் கைபேசியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது. இன்னும் இரண்டு தாள்களில் அடி வரி விடுபட்டிருந்தது.

புதிய நேரம் தொடங்கிய திங்கட்கிழமை, டீச்சர் பள்ளியிலிருந்து வந்தபோது நாத்தனார் முகம் கழுவி உட்கார்ந்திருந்தார். முழங்காலில் ஈரத்துணி இல்லை. எப்படி இருந்தது என்று கேட்டாள்.

ஓட்டுநருக்குப் பழக்கம் விடவில்லையாம். நிற்காமல் வேகமாக வந்திருக்கிறான். நாத்தனார் கையை நீட்டியிருக்கிறார். அவருக்குப் பின்னால் நின்ற பத்துப் பதினைந்து பெண்களும் கையை நீட்டியிருக்கிறார்கள். வண்டி பத்தடி தாண்டிப் போய் நின்றதாம். அந்தப் பத்தடியையும் எதற்கு நடக்க வேண்டும் என்று பின்னால் வந்த, சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற அம்மா ஓட்டுநரை வழி முழுக்க விடவில்லையாம்.

“உக்கார இடம் கிடைச்சுதா?”

“எங்க கிடைக்கும்? அத்தனை பேரு ஏறினா?” என்றார் நாத்தனார். “நின்னுக்கிட்டேதான் வந்தேன்.” சொல்லிவிட்டு, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.